ஏதாச்சும் தோணுச்சா, தாயி?

வெள்ளக்குளம் என்று பெயர் வைத்த ஊரில் வெள்ளமும் கிடையாது, குளமும் கிடையாது. அந்த ஊரில் தண்ணீர்ப்பந்தல் தெரு என்று பெயர் வைத்த தெருவின் நடுவில் நட்டுவைத்த பொதுக்குழாயில், நட்ட நாளிலிருந்து காற்றைத் தவிர வேறெதுவும் வந்தது கிடையாது. அப்படிப்பட்ட குழாயில் முதன்முதலாகத் தண்ணீர் வந்தது, ஜெகதா வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வந்திருந்த வடிவுக்கு, வாசலில் கழற்றிப்போட்ட தன் செருப்பை ஒரு வெள்ளாட்டுக்குட்டி மென்று தின்பதைப் பார்த்து ஒரு சின்ன விஷயம் தோன்றிய காலையில்தான்.

தோன்றியது ஒன்றும் பிரமாதமில்லை. இந்தச் செருப்பு போக ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் இனிமேல் இந்தக் குட்டி போகும் என்று தோன்றியது, அவ்வளவுதான். "அட" என்று சொல்லி இடது காதைச் சொறிந்துகொண்டாள். கீழே குழாய் இருமியது, கனைத்தது, செத்த தவளை ஒன்றைத் துப்பியது, பிறகு ஏதோ நேற்றும் முந்தாநாளும் இதே வேலையாக இருந்ததுபோலத் தண்ணீரைக் கொட்ட ஆரம்பித்தது.

சண்முகவடிவு என்பது முழுப்பெயர். படம் போடப் படித்தவள். கடலைமிட்டாய் உறை, ஊதுபத்தி டப்பா, ராக்கெட் வெடியின் மேல் ஒட்டுகிற லேபிள் என்று அச்சகங்களுக்கு மடிக்கணினியில் வரைந்து கொடுத்துச் சம்பாதித்தாள். அது சோற்றுக்கு. சோறு செரிக்க, தினமும் கண்ணில் பட்ட ஒன்றை ஒரு சின்னப் படமாகப் போட்டு, கீழே ஒற்றை வரி எழுதி, போனில் ஊருக்கெல்லாம் அனுப்பிவைப்பாள். ஊருக்கெல்லாம் என்றால், பார்க்கிறவர்கள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியளவு இருப்பார்கள். அதில் காசு கிடையாது. ஆனால் அது இல்லாத நாளில் அவளுக்குப் பல் விளக்காத மாதிரி இருக்கும்.

தண்ணீருக்கும் வடிவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவள் வீட்டுக்காரி ஜெகதா. அவள் மாடியில் துணி காயப்போடுகிற நேரமாகப் பார்த்து மூன்று தடவை மேலே "அட" கேட்டது, மூன்று தடவையும் கீழே குழாய் கனைத்தது. ஓய்வுபெற்ற கண்டக்டரும் தெருச் சங்கத்துத் தலைவருமான தவசியிடம் போய்ச் சொன்னாள். வேலையை விட்டும் விசிலை விடாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்த தவசி, "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைம்மா இது" என்று சிரித்தார். ஜெகதா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், மாடியில் காலியாகக் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்காரவைத்தாள். வடிவு சன்னலில் நின்று எதிர்வீட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் இரண்டு பள்ளிக்கூடச் சட்டைகளின் கைகளை ஒரே கிளிப்பில் மாட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு இவ்வளவு நேரமாகியும் இரண்டும் கையை விடவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. "அட" என்றாள். கீழே "தண்ணீ!" என்று ஒரு பெண் அலறியது கேட்டது, தவசியின் வாயிலிருந்த விசில் தானாக நழுவி விழுந்தது.

அதற்குப்பிறகு யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தை வைப்பார்களா, விசாரணை வைப்பார்களா?

குடம் என்றதும் அந்தத் தெருவின் சட்டம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வரிசையில் வைத்த குடம் ஆள் மாதிரி. காற்று உருட்டிக்கொண்டு போகாமலிருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டு வைத்துவிட்டு, சொந்தக்காரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாலும் சரி, சீமந்த வீட்டுக்குப் போனாலும் சரி, அவள் இடம் அவளுக்குத்தான். அடுத்தவள் குடத்தைத் தொட்டு நகர்த்துவது அடுத்தவள் கூந்தலைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். அதைச் செய்தவர்கள் உண்டு. அந்த வீடுகளுக்குள் இன்றைக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. வரிசையில் எப்போதும் முதலில் இருப்பது குருவம்மாவின் பழுப்புக் குடம். தீப்பெட்டி ஆபீசில் பண்டல் போடுகிறவள். கல்யாணமாகி வந்த நாள்முதல் காட்டுக் கிணறுகளிலிருந்து சுமந்து சுமந்து வலது இடுப்பில் எருமைத்தோல் மாதிரி காய்ப்பு ஏறியவள். வாயைத் திறந்தால் தெருநாய் ஒதுங்கிப் போகும். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

தெரு மெல்ல மெல்லத் தன் புதுத் தண்ணீரின் குணத்தைப் படித்துக்கொண்டது. அச்சகக்காரர்கள் கேட்டு, வடிவு உட்கார்ந்து முக்கி முனகிப் பிழிந்தெடுக்கிற யோசனைக்குத் துருத்தண்ணீர்தான் வந்தது, துணி அலசக்கூட ஆகாது. யாரும் கேட்காமல், எதற்கும் உதவாமல், போகிற போக்கில் வந்து தோளில் உட்காருகிற யோசனைக்குத்தான் பளிங்குத் தண்ணீர். ஒருநாள் மின்சாரம் போய் எல்லா வீட்டு மிக்சியும் ஒரே நேரத்தில் நின்றபோது, தெருவே ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்குத் தெரு முழுக்கக் குடித்து, குளித்து, வாசல் தெளித்து, மிச்சத்தைச் செடிக்கும் விட்டார்கள். "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிற வழக்கமே அந்தத் தெருவில் ஒழிந்துபோயிற்று. பால் வாங்கப் போகிறபோதும், மாவு மில்லில் நிற்கிறபோதும், கோயிலில் திருநீறு பூசுகிறபோதும் வடிவைப் பார்த்தால் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "ஏதாச்சும் தோணுச்சா, தாயி?"

வடிவுக்கு முதலில் இது பிடித்திருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், பெருமையாகவே இருந்தது. வீட்டில் அவள் அப்பா, இந்தக் கிறுக்கலால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். பிரயோசனம் இதோ ஒரு தெரு முழுக்கக் குடங்களில் தளும்பியது. ஜெகதா வாடகையை வேண்டாம் என்றாள். வீடு மாற்றி வீடு பருப்பு வடையும் கருப்பட்டிக் காபியும் மாடி ஏறின. அவள் வெளியூர் போனால் தெரு வறண்டது. அதனால் போகவேண்டாம் என்று சொன்னார்கள். முதலில் கெஞ்சிச் சொன்னார்கள், பிறகு சாதாரணமாகச் சொன்னார்கள், பிறகு சொல்லவே தேவையில்லை என்று ஆகிவிட்டது. பக்கத்து ஊர் அச்சகத்துக்கு ஒருநாள் கிளம்பியபோது தவசி பஸ்வரை துணைக்கு வந்து, "பஸ்ஸுல வச்சு எதையும் நெனச்சுத் தொலச்சிராத தாயி, வீணாப் போயிரும். அடக்கிட்டு வந்து நம்ம தெருவுல நெனை" என்று கேட்டுக்கொண்டார். அன்றைக்குப் பஸ்ஸில் அவளுக்குத் தோன்றியது எதையும் அவளால் ரசிக்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் வெயில் முற்றியது. தெரு நம்பியிருந்த தண்ணீர் லாரிக்காரன், உங்களுக்குத்தான் குழாய் ஓடுதே என்று வேறு தெருக்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல நாளாயிற்று. காட்டுக் கிணறுகளில் பாம்புச் சட்டைதான் கிடந்தது. கீழத்தெருக்காரர்கள் ஒருநாள் தாம்பாளத்தில் பழம் வைத்துக்கொண்டு வடிவைப் பார்க்க வந்தார்கள். பெண் கேட்க வரவில்லை. ஏசி போட்ட அறை தருகிறோம், குடிவந்துவிடு என்று கேட்க வந்தார்கள். தண்ணீர்ப்பந்தல் தெரு அவர்களைத் தாம்பாளத்தோடு தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய் விட்டது. அன்றிலிருந்து மாடிப்படியின் அடியில் முறைபோட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். காவல் தனக்கா, தன்மீதா என்று வடிவுக்கு விளங்கவில்லை. விளங்காதவரைக்கும் நல்லது என்று இருந்தாள்.

எல்லாரும் சேர்ந்து ஒரு தப்பு பண்ணினார்கள். நல்ல மனசோடுதான் பண்ணினார்கள், அதுதான் கொடுமை.

"அந்தப் புள்ள நாலஞ்சு நாளா சொணங்கிக் கெடக்கு. ரோசிக்கிறவுகளுக்கு அமைதி வேணும்யா. இந்தச் சந்தக்கடையில எப்படித் தோணும்?" என்றார் தவசி. உண்மைதானே என்றது தெரு. மறுநாளே கோலமாவு விற்கிறவனை முக்கில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள், இடியாப்பக்காரனின் ஹாரனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கரண்டியால் தூக்கிவிட்டார்கள், பிள்ளைகளை எல்லாம் சித்தி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் பஸ் ஏற்றினார்கள், அவள் சன்னலை மறைத்துக்கொண்டிருந்த துணிக்கொடியை அவிழ்த்துக் கொல்லைப்புறத்தில் கட்டினார்கள், ஆட்டுக்குட்டியைக் காட்டுக்கு நாடு கடத்தினார்கள், மாமியாரும் மருமகளும் கண்ணாலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள், தும்மல் வந்தவர்கள் அடுத்த தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்கள். தெரு, இழவு விழுந்து எல்லாரும் அழுது முடித்த வீடு மாதிரி அடங்கிப்போயிற்று.

வடிவு சன்னலைத் திறந்தாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்பதற்கும் ஒன்றுமில்லை. கீழே வரிசையில் குடங்கள் இருந்தன. குடங்களுக்குப் பின்னால் சொந்தக்காரிகள், வாயை மூடிக்கொண்டு, அண்ணாந்து, அவளையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அன்று குழாய் சொட்டியது. அடுத்த நாள் குழாயின் வாய் மட்டும் நனைந்தது. அதற்கடுத்த நாள் பழையபடி காற்று.

யாராவது வைதிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வைதார்கள் என்றால் திருப்பி வையலாம், அழலாம், கதவைச் சாத்தலாம். அவர்களோ வடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு நுனிக்காலில் இறங்கிப் போனார்கள். அவள் வடையை ஓரமாக ஒதுக்கினாள். தாளை எடுத்துவைத்துக் கொண்டு, ஏதாவது தோன்று, ஏதாவது தோன்று என்று தன் தலைக்குள்ளே தானே குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் மத்தியானம் தாங்கமுடியாமல் போய், சன்னலில் தலையை நீட்டி, காதைச் சொறிந்து, "அட!" என்று உரக்கச் சொன்னாள். கீழே அத்தனை குடமும் ஒரு தடவை அசைந்தது. குழாய் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

குருவம்மா அண்ணாந்து பார்த்தாள். அவளிடம் அவ்வளவு சின்னக் குரல் இருக்கிறதென்று தெருவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். "தோணாமயே தோணுச்சுன்னு சொல்லுதியா தாயி? எம்மக செல்வி பிள்ளை பெத்துப் படுத்துருக்கா. பச்சப் பிள்ளைய ஈரத்துணிய வச்சுத்தான் தொடைக்கோம். வெளையாடாத."

வடிவு சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவமானம் என்றால் அப்படியொரு அவமானம்.

சென்னையிலிருந்து போன் வந்தது அந்த வாரத்தில்தான். குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போடுகிற ஒரு சின்னப் பதிப்பகம். அவளுடைய தினசரிப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வேலைக்கு வருகிறாயா, திங்கட்கிழமை சேர முடியுமா, முடியாதென்றால் வேறொருவர் காத்திருக்கிறார் என்றார் போனில் பேசிய அம்மாள். பிறகு, "ஏம்மா படம் போடறதை நிறுத்திட்டே?" என்று கேட்டார்.

"தெரு ரொம்ப அமைதியா இருக்கு மேடம், அதான்" என்றாள் வடிவு. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

உடனே ஓடிப்போய்த் தவசியிடம் சொன்னாள். "அண்ணாச்சி, எனக்கு அமைதி வேண்டாம். சத்தம் வேணும். நீங்கள்லாம் முன்னாடி எப்படி இருந்தீகளோ அப்படி இருங்க, அது போதும்." தவசி தலையை ஆட்டினார். ஆனால் கண்டக்டராகக் காலம் தள்ளிய மனுசனுக்கு எதையும் விசில் இல்லாமல் நடத்தத் தெரியாதே. மறுநாள் காலையில் ஒரு விசில் அடித்தார். வரவழைத்திருந்த கோலமாவுக்காரன் "கோலமாவே" என்று மாடியைப் பார்த்துக் கத்தினான். இன்னொரு விசில், எல்லாக் குக்கரும் ஒன்றாக அலறின. இன்னொரு விசில், குருவம்மாவும் ஜெகதாவும் சண்டை போட்டுக்கொள்ள வேண்டும். "நீதாண்டி" என்றாள் ஜெகதா. "இல்ல, நீதான்" என்றாள் குருவம்மா. அதற்குமேல் இருவருக்கும் வார்த்தை வரவில்லை, வடிவின் முகத்தையே பார்த்தார்கள். நாடகம் என்று தெரிந்த பிறகு அதைப் பார்த்து என்ன தோன்றும்? வடிவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

அன்றைக்கே சென்னைக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னாள். இங்கே இருந்தாலும் தண்ணீர் வராது, போனாலும் வராது. போனால் தானாவது பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் செல்வியின் பிள்ளை வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மாடிச் சுவருக்குக் காது உண்டு. அந்தக் காது ஜெகதாவுடையது. "ஆடி பொறக்கப்போவுது. ஆடியில யாராச்சும் புது வேலைக்குப் போவாகளாம்மா?" என்றாள்.

"ஆனி முடியறதுக்குள்ள சேர்ந்துருவேன்க்கா."

"எங்களப் போட்டுட்டுப் போயிருவியா?"

வடிவு பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். ஜெகதா வெடுக்கென்று திரும்பிப் படியிறங்கிப் போனாள். சாயங்காலம் பார்த்தால் வடிவின் செருப்பு இரண்டையும் காணவில்லை. ஆட்டுக்குட்டி தின்றிருக்கும் என்றார்கள். ஆட்டுக்குட்டியைத்தான் அவர்களே நாடு கடத்தி விட்டார்களே என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள். மாடிப்படியில் காவலுக்கு யாரும் இல்லை. தெருவிலும் யாரும் இல்லை. குழாயடியில் எந்நேரமும் இருக்கிற குடவரிசையும் இல்லை. குழாயைத் தாண்டி, தவசி வீட்டைத் தாண்டி, தெருமுனைக்கு வந்ததும்தான் எல்லாம் எங்கே போயின என்று தெரிந்தது.

தெருமுனையை இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர் வரை குடங்களால் அடைத்திருந்தார்கள். பச்சை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு, வரிசைக்குப் பின்னால் வரிசையாக, தெருவில் இருந்த அத்தனை குடமும், ஒவ்வொன்றிலும் ஒரு கல், ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. நடுவில் குருவம்மாவின் பழுப்புக் குடம். குடங்களுக்கு அந்தப் பக்கம் பெண்கள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் ஆண்கள், ஓரமாகத் தவசி, வாயில் விசிலை வைத்துக்கொண்டு ஊதாமல். அவர்களுக்கும் அப்பால் மெயின் ரோட்டில், பஸ் வந்து நிற்கிற புளியமரம்.

ஒருவரும் அவளைத் தொடவில்லை. தொடவேண்டிய அவசியமே இல்லை. வெளியே கிளம்புகிறவளுக்கு வெறுங்குடம் எதிரே வந்தாலே போகிற காரியம் விளங்காது என்று திரும்பி வந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் பிறகு கிளம்புவார்கள். இங்கே ஒரு தெருவே வெறுங்குடமாக எதிரே உட்கார்ந்திருந்தது. திரும்பிப் போய்க் குடிக்கத் தண்ணீரும் இல்லை. அதையும் மீறிப் போகலாம் என்றால் குடத்தை நகர்த்தவேண்டும். அடுத்தவள் குடத்தை.

"எடுங்கக்கா" என்றாள் வடிவு.

"நீ எடுத்துட்டுப் போ" என்றாள் குருவம்மா. "தைரியமிருந்தா எங்கொடத்த எடுத்து ஓரமா வச்சுட்டுப் போ. நாங்க தடுக்கல."

"எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குதுக்கா. சத்தியமா. நான் இங்க இருந்து என்ன பிரயோசனம்?"

"நாளைக்குத் தோணும்."

"தோணலன்னா?"

"அதுக்கு மறுநா தோணும். இருந்து பாரு. எங்களுக்கு வேற போக்கு இல்ல தாயி."

யார்மீதும் கோபப்பட முடியவில்லை என்பதே வடிவுக்குப் பெரிய கோபமாக இருந்தது. அவர்கள் கொடுத்த வடையைத் தின்றிருக்கிறாள். அவர்கள் கொடியையும் குக்கரையும் ஆட்டுக்குட்டியையும் பார்த்துத்தான் பிழைத்திருக்கிறாள். ஆனாலும் இந்தத் தெருவில் இன்னொரு நாள் இருந்தால் தனக்கு இந்த ஜென்மத்தில் எதுவும் தோன்றாது என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் குனிந்தாள். பழுப்புக் குடத்தின் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். தொட்டுவிட்டால் தொட்டதுதான், இந்தத் தெருவுக்கும் அவளுக்கும் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. கை குடத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

அப்போது மேற்கேயிருந்து ஆனிக் காற்று வந்தது. அந்தக் கரிசல் ஊரில் மழையைத் தள்ளிக்கொண்டு போய் வேறெங்கோ கொட்டுகிற காற்று. குடங்களின் வாய்மேல் அது உரசிக்கொண்டு போனதில் குடங்கள் ஊதின. பெரிய குடம் தணிந்த குரலில், சின்னக் குடம் கீச்சுக்குரலில், ஓட்டைக் குடம் விட்டு விட்டு. தெருதான் இத்தனை நாளாக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்ததே, அதனால் ஒவ்வொரு குடத்தின் குரலும் தனித்தனியாகக் கேட்டது. பழுப்புக் குடம் மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில் கர்ரென்று இழுத்து, நிறுத்தி, மறுபடி கர்ரென்று இழுத்தது.

பின்னால், நடுத்தெருவில், குழாய் இருமியது.

எல்லாரும் ஒன்றாகத் திரும்பினார்கள். குழாய் கனைத்தது, துருவைத் துப்பியது, பிறகு பளிங்காகக் கொட்ட ஆரம்பித்தது. இவ்வளவு வேகமாக அது என்றைக்கும் கொட்டியதில்லை.

"தோணிருச்சு! தாயிக்குத் தோணிருச்சு!" என்று ஜெகதா கூவினாள். "நாந்தான் சொன்னேன்ல! என்ன தோணுச்சு தாயி?"

வடிவு குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கினாள். "எனக்கு ஒண்ணும் தோணலையேக்கா."

"தோணாம எப்படி?"

"பஸ் போயிரும்னு பயந்துக்கிட்டு இருந்தேன். வேற ஒண்ணும் நெனைக்கல."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஆண்களைப் பார்த்தார்கள். "அப்ப யாருக்கு?" என்றார் தவசி, வாயிலிருந்து விசிலை எடுத்து. "யாருக்குய்யா என்ன தோணுச்சு?"

குருவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முந்தானையை எடுத்தபோதுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"எங்கொடம்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "காத்துல எங்கொடம் ஊதுச்சுல்ல? அப்படியே எங்க மாமியா கொறட்ட. அதே கொறட்ட. அந்தக் கொறட்டைக்காகக் கல்யாணமான மறுநாளே கோவிச்சுட்டு எங்காத்தா வீட்டுக்குப் போனவ நான். அவ போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு. இன்னைக்கு... இன்னங் கொஞ்சம் கேக்கணும்போல இருந்துச்சு. அம்புட்டுத்தான். இதுக்குப் போயா தண்ணி வரும்?"

வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் பேச நேரமில்லை. நின்றுகொண்டு ஆச்சரியப்பட்டால் தண்ணீர் வீணாகப் போகும் என்பது அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தவசி விசிலை ஊதினார், ஊதவே தேவையில்லை. அதற்குள் பெண்கள் பாய்ந்து அவரவர் குடத்தை எடுத்து, கல்லை வீதியில் கவிழ்த்துவிட்டு, குழாயைப் பார்த்து ஓடினார்கள். நீ முந்தி நான் முந்தி என்று தள்ளினார்கள், ஏசினார்கள், ஒருத்தி வழுக்கி விழுந்து மற்றவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள், எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் அவிழ்த்துவிட்ட மாட்டுக்கொட்டில் மாதிரி வெளியே வந்தது.

வடிவு நிமிர்ந்தபோது தெருமுனை திறந்து கிடந்தது. குடங்கள் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகக் கற்கள் மட்டும் இருந்தன.

அவளுக்கு ஓவென்று அழவேண்டும்போல விடுதலையாக இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது: தன் பட்டுப்பாவாடையை வேறொருத்தி உடுத்தி, அது அவளுக்குத் தன்னைவிட எடுப்பாக இருப்பதைப் பார்த்த மாதிரி ஒரு சின்னக் குத்தல். இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, வெறுங்காலால் கற்களுக்கிடையில் பார்த்துப் பார்த்து மிதித்துத் தெருவைத் தாண்டினாள். பஸ் புளியமரத்தடியில் வந்து நின்றது. தவசி பின்னாலிருந்து, தெருவுக்கில்லாமல் பஸ்ஸுக்கென்று, நிறுத்துகிற விசில் ஒன்றை நீளமாக ஊதினார். டிரைவர் பழக்கதோஷத்தில் அதற்குக் கட்டுப்பட்டார்.

"ஏட்டி, நில்லு."

குருவம்மா. எப்படிச் சுற்றி வந்தாளோ, சந்து வழியாக வந்து முன்னால் நின்றாள். பழுப்புக் குடம் காய்ப்பேறிய இடுப்பில் கழுத்துவரை நிரம்பித் தளும்பியது. நாலு எட்டு பின்னால் போய், வடிவுக்கு நேர் எதிரே முகம் பார்த்து நடந்து வந்தாள். தண்ணீர் சிந்தி வடிவின் வெறுங்காலில் விழுந்து சில்லென்றது.

"நெறகொடம் எதுக்க வந்துருக்கு. போற காரியம் செயம்தான். போயிட்டு வா."

வடிவு தலையாட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்ட வீட்டுக்கு ஓடவேண்டிய குருவம்மாவோ குடத்தோடு அவள் பக்கத்திலேயே வந்தாள். ஏதோ சொல்ல வருகிறவள்போல ஒரு தடவை தொண்டையைச் செருமினாள், மறுபடி செருமினாள். தெருநாய்கள் ஒதுங்கிப் போகிற அந்த வாய்க்கு வெட்கம் வந்திருந்தது.

"ஏட்டி வடிவு, இன்னொண்ணு தோணுது" என்றாள் மெதுவாக. "கிறுக்குத்தனமா இருக்கு. சொல்லட்டுமா?"

பஸ் ஹாரன் அடித்தது.

"நடந்துக்கிட்டே சொல்லுங்கக்கா" என்றாள் வடிவு.

குருவம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். புளியமரம்வரை சொல்லியும் தீரவில்லை, படியில் ஏறிய பிறகும் கீழே நின்று சொன்னாள். தெருவில் குழாய் நிற்கவே இல்லை.